தீபாவளிச் செலவைக் குறைக்கும்போது கை வைக்கக் கூடாத இடங்கள்

புரட்டாசி முடியும் நேரத்தில் பல வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "இந்த வருஷம் தீபாவளியைச் சிக்கனமா முடிச்சிடணும்." நல்ல பேச்சுதான். ஆனால் கணக்குப் போட உட்கார்ந்ததும் எதில் முதலில் கை வைக்கிறோம் என்று பாருங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவின் போனஸ், தெருவோரம் அகல் விளக்கு விற்பவரிடம் பேரம், கைத்தறிச் சேலைக்குப் பதிலாக மலிவான பாலியஸ்டர். ஆஃபரில் வரும் டிவியும் தவணையில் வாங்கும் போனும் பட்டியலில் அப்படியே நிற்கும். குறைய வேண்டியது நம் வீட்டுக்குள் வந்து சேரும் பொருள். அடுத்தவர் கைக்குப் போகும் கூலியைக் குறைத்துவிட்டு அதை எளிமை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதல் தவறு, "வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லை அப்படியே நம்புவது. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, 36,000 ரூபாய் டிவி, மாதம் 4,000 வீதம் 9 தவணை என்று வைத்துக்கொள்வோம். அதே டிவியை ரொக்கத்துக்குக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் 34,000க்கு இறங்கி வந்தால், அந்த 2,000 ரூபாய்தான் உங்கள் வட்டி. பிராசஸிங் கட்டணம் தனி. கிரெடிட் கார்டுத் தவணை என்றால், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் கணக்கில் ஏறும். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டில் இருக்கும் டிவி ஓடுகிறதா, இல்லையா?

தீபாவளிச் சீட்டிலும் கவனம் தேவை. மாதாமாதம் பணம் கட்டி, பண்டிகைக்குப் பாத்திரமும் மளிகையும் தங்கக் காசும் வாங்கும் ஏற்பாடு இது. சீட்டு நடத்தியவர் தலைமறைவானார் என்ற செய்தி பண்டிகை நேரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாத சீட்டில் பணம் போனால் திரும்பி வருவது கஷ்டம். வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினால் அதே பழக்கம் தொடரும், பணமும் பத்திரமாக இருக்கும். என்ன வாங்குவது என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.

அப்புறம் துணி. இங்கேதான் ஆசையும் அதிகம், தவறும் அதிகம். மலிவு விலையில் நாலு சேலை எடுப்பதைச் சிக்கனம் என்று நினைக்கிறோம். அதே பணத்தில் ஒரு நல்ல பருத்திச் சேலை வாங்கினால் ஏழெட்டு வருஷம் உடுத்தலாம். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும், மண்ணில் மக்காது. பார்டர் வைத்த சேலை, வேட்டி போன்ற சில துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது நிற்கவில்லை. எனவே கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். பட்டு என்றால் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. வாங்கும் பணம் கூட்டுறவுச் சங்கம் வழியாக நெசவாளருக்குப் போகும்.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரையில் வாழும் சௌராஷ்டிர சமூகப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து, துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளியில் விரலை வைத்துத் தடவினால் துணி லேசாகக் கொப்பளித்துச் சுருங்கியிருப்பது தெரியும். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அச்சில் போட்ட சுங்குடியில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள், விலை ஏன் வேறு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

எங்கே வாங்குகிறோம் என்பதைப் போலவே எப்போது வாங்குகிறோம் என்பதும் முக்கியம். கடைசி ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் இறங்குவது நமக்கும் தொல்லை, கடைப் பெண்களுக்கு அதைவிடத் தொல்லை. அவர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அதற்கு முன் நாள் முழுக்க நின்றேதான் வேலை. இப்போதும் பண்டிகைக் கூட்டத்தில் இருக்கை இருந்தாலும் உட்கார நேரம் கிடைப்பதில்லை. என்ன வேண்டும், எவ்வளவு ரூபாய்க்குள் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மாதம் முன்பே வார நாளில் போங்கள். நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்ல வேண்டிய தேவையே வராது.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எழுதியிருப்பதால் ஒன்றை வாங்குவதும் தவறுதான். விதைக் காகித அட்டை, மூங்கில் பரிசுப் பெட்டி, சணல் பை எல்லாம் அழகாக இருக்கின்றன. ஏற்கெனவே பத்து துணிப்பை தொங்கும் வீட்டுக்குப் பதினொன்றாவது எதற்கு? உறவினருக்குப் பரிசு தர வேண்டும் என்றால் சாப்பிடுகிற பொருளாகவே கொடுங்கள். வீட்டில் சுட்ட அதிரசம், முறுக்கு, ஒரு பாட்டில் தீபாவளி லேகியம் போதும். இனிப்பில் ஒன்று, காரத்தில் ஒன்று என்று அளவோடு செய்யுங்கள். ஆறு வகை செய்து அடுப்படியிலேயே அம்மாவின் பண்டிகையைக் கழியவிடுவதில் எந்த எளிமையும் இல்லை.

பட்டாசு விஷயத்தில் பெரியவர்கள் தனியாக முடிவெடுத்துப் பிள்ளைகள் மேல் திணிப்பதைப் பார்க்கிறேன். திணித்தால் பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில் ஏக்கத்தோடு நிற்கும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வலசை வரும் பறவைகள் மிரண்டு போகக் கூடாது என்று ஊரே கூடி எடுத்த முடிவு. அங்கே குழந்தைகளும் அதில் பங்குதாரர்கள், அதனால்தான் நிலைத்திருக்கிறது. வீட்டிலும் எவ்வளவு ரூபாய், எந்த வகை, மிச்சப் பணம் எதற்கு என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம். வெடிப்பது என்று முடிவானாலும், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்ற நேரக் கட்டுப்பாடு இருக்கிறது.

தானம் பற்றியும் சொல்ல வேண்டும். கிழிந்த சட்டையையும் ஜிப் போன பேண்டையும் மூட்டை கட்டி ஆதரவற்றோர் இல்லத்தில் இறக்கிவிட்டு வராதீர்கள். அதைப் பிரித்துக் குப்பையில் போடும் வேலை அவர்கள் தலையில் விழும். முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள்.

கடைசியாக போனஸ். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டு வேலை செய்பவர் எந்தச் சட்டத்தைக் காட்டியும் போனஸ் கேட்க முடியாது, நாம் மனசு வைத்தால்தான் உண்டு. பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. டிவியைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய சேலையையும் மீந்த இனிப்பையும் கொடுத்துவிட்டுக் கணக்கில் கழிக்காதீர்கள். முந்தின நாள் மாலையில் கொடுத்தால், நெரிசலில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு அவர் ஓட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வாரம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள், அவரும் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிதானமாகப் பார்த்து எடுக்கட்டும்.