சேலத்திலிருந்து கோலாலம்பூர்: சென்ட்ரல் பக்கம் தங்குங்கள், ரயிலில் சுற்றுங்கள்

சேலத்திலிருந்து மலேசியா போகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் எடுத்து, வேனில் ஏறி, இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறி என்று ஊரைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கோலாலம்பூரை நாமே சுற்றிப் பார்க்கலாம், அதற்கு ஆங்கிலம்கூடப் பெரிதாகத் தேவையில்லை, பல இடங்களில் தமிழிலேயே வழி கேட்டுப் போய்விடலாம். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் ஒரு ரயிலைப் பிடியுங்கள். இந்த ஒரு முடிவை முதலில் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

முதலில் கிளம்பும் வேலை. விமானத்துக்காகச் சென்னை வரை போக வேண்டாம், நாமக்கல் வழியாகத் திருச்சி போய்விட்டால் அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது, சுமார் நான்கு மணி நேரப் பயணம். பல விமானங்கள் அகால நேரத்தில் கிளம்புவதால் சேலத்திலிருந்து கடைசி பஸ்ஸை நம்பிக்கொண்டிருக்காமல் மாலையிலேயே திருச்சி போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பை 7 கிலோதான், நிறுத்துப் பார்ப்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அப்புறம் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று உண்டு, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இதற்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக்கு என்று மாம்பழக் கூடை கட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழம், செடி, விதை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், குண்டு மல்கோவாவை விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும். தட்டுவடை, முறுக்கு, பருப்புப் பொடி இவை போதும். செவ்வக முனை மூன்று கொண்ட பிளக் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நம் சார்ஜர் அங்கே நேராகப் பொருந்தாது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.

விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரயில் சென்ட்ரலுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும், ஆளுக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டுக்கு நம் காசு 20 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது, அதே தூரத்துக்கு போன் செயலியில் கூப்பிடும் கிராப் கார் மொத்தமாகவே நூறு ரிங்கிட்டுக்கு முன்பின்னாக முடிந்துவிடும். தனி ஆள் என்றால் பஸ், ஒரு மணி நேரம் ஆகும், கட்டணம் ரயிலில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. விடுதியில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, சட்டப்படி உள்ளது.

சென்ட்ரலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால் புறநகர் ரயில், எல்.ஆர்.டி. என்ற நகர ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் அங்கே ஒன்றாக வந்து சேர்கின்றன, மோனோரயில் பக்கத்து மால் வழியாக நடக்கும் தூரம், எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயிலும் ஒரு நடைபாதை தள்ளித்தான். டச் என் கோ கார்டு ஒன்றை ஸ்டேஷனிலேயே வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் எல்லா ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அதுவே போதும், ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. பூக்கடை, மளிகை, புடவைக் கடை, வாழை இலைச் சாப்பாடு என்று வரிசையாக இருக்கும், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் நாள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கடைக்காரரை அண்ணே என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுக் கேளுங்கள், வழி சொல்லிவிட்டு எந்த ஊர் என்று விசாரிப்பார்கள்.

முதல் காலை பத்துமலை. சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில், கடைசி ஸ்டேஷனே பத்துமலைதான், டிக்கெட் மூன்று ரிங்கிட்டுக்குள். ரயில் அடிக்கடி கிடையாது, அரை மணிக்கு ஒன்று, சில நேரம் அதற்கும் மேல், அதனால் முந்தின இரவே நேரம் பார்த்து வையுங்கள். வாசலில் நிற்கும் முருகன் சிலை 2006-ல் எழுப்பியது, 42.7 மீட்டர், அதாவது 140 அடி. நம் ஆத்தூர் சாலையில் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன் 146 அடி, 2022-ல் கும்பாபிஷேகம் ஆனது, இரண்டையும் செய்தது ஒரே சிற்பி. முத்துமலையைப் பார்த்தவர்கள் பத்துமலையில் சிலையோடு நின்றுவிடாதீர்கள், அங்கே விசேஷம் குகைதான். 272 படி, 2018-லிருந்து பல வண்ணத்தில் இருக்கிறது. மேலே போனால் கூரை திறந்து வெளிச்சம் விழும் சுண்ணாம்புக் குகை, அதற்குள்ளே கோயில். ஒன்பது மணிக்கு முன்பே ஏறிவிட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது. குரங்குகள் கவர், தண்ணீர் பாட்டில் எதையும் விட்டுவைக்காது, ஏற்காடு போய்ப் பழகிய நமக்கு இது புதிதில்லை, ஆனால் இங்கே படி செங்குத்து, பறிக்க வந்தால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு மேல் உடுத்தியிருந்தால் கீழேயே சாரோங் வாடகைக்குக் கட்டிவிடுவார்கள். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் இங்கே வருவது நகருக்குள் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து. 1873-ல் ஏற்பட்ட அந்தக் கோயிலையும் பாருங்கள், சைனாடவுன் பக்கத்திலேயே இருக்கிறது.

மதியத்தில் வெளியே சுற்றத் திட்டம் போடாதீர்கள். கோலாலம்பூரில் பிற்பகல் மழை சர்வசாதாரணம், இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலையில் திறந்த வெளி, மதியம் மால் அல்லது அருங்காட்சியகம், மாலையில் மறுபடி தெரு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளும் வீணாகாது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 451.9 மீட்டர், 88 மாடி, மேலே போக நேரம் குறித்த டிக்கெட், திங்கட்கிழமை மூடியிருக்கும். என் கருத்து, பணம் கொடுத்து மேலே போவதைவிடக் கீழே பூங்காவில் இரவு எட்டு மணி வாக்கில் உட்கார்ந்து நீரூற்றும் கோபுர விளக்கும் பார்ப்பதே மனசுக்கு நிறைவாக இருக்கும், அது இலவசம். பழைய ஊர் பார்க்க மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்குங்கள். இரண்டு ஆறு கூடும் இடத்தில் 1909-ல் கட்டிய பள்ளிவாசல், அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கம், 1897-ல் கட்டிய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு எல்லாம் நடந்தே முடித்துவிடலாம். வழியில் நிமிர்ந்து பார்த்தால் 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரம் தெரியும்.

இனி சாப்பாடு, இதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். மூன்று வேளையும் பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி, சாப்பாடு என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரு வேளை அப்படி இருக்கட்டும், வாழை இலைச் சாப்பாடு அங்கே நன்றாகவே இருக்கும், கறிவகை நம் ஊர் ருசியிலிருந்து விலகி வேறொரு கை பட்டிருக்கும். மற்ற வேளைக்கு மாமாக் கடைக்குப் போங்கள். தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது, பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் உறவு, ஆனால் மெல்லியது, மொறுமொறுப்பு, பருப்புக் குழம்போடு வரும், இரண்டு ரிங்கிட் அளவில் ஒன்று. தே தாரிக் கட்டிப்பாலில் ஆற்றிய டீ, நமக்குத் திகட்டும் இனிப்பு, குராங் மானிஸ் என்று சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள். பால் வேண்டாம் என்றால் தே ஓ. பார்சலுக்கு புங்குஸ்.

தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, சம்பால், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, இதுதான் நாசி லெமாக். காலையில் எந்தத் தெருவிலும் பொட்டலமாகக் கிடைக்கும், ஆனால் மாலையில் கம்போங் பாருவுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், கோபுரங்களின் அடியில் மரவீடுகளோடு இன்னும் மலாய்க் கிராமமாகவே நிற்கும் பகுதி அது. சீனச் சாப்பாட்டுக்கு ஜாலான் ஆலோர், புக்கிட் பிந்தாங் ஸ்டேஷனிலிருந்து நடை, இருட்டிய பிறகுதான் தெரு களைகட்டும். அங்கே பன்றி இறைச்சி சாதாரணம், வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள். ஆயாம் கோழி, இக்கான் மீன், கம்பிங் ஆடு, டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பாபி பன்றி, இந்த ஐந்தைப் போனில் குறித்து வைத்தால் போதும். சைவக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெலாச்சான் என்ற இறால் விழுது. காய்கறிப் பொரியல் என்று நினைத்து வாங்கும் கீரையிலும், பார்க்க மிளகாய்ச் சட்னியாக இருக்கும் சம்பாலிலும் அது இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் சைவ உணவகங்களும், சீனர்கள் நடத்தும் பௌத்த சைவக் கடைகளும் இருப்பதால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் கிடைக்கும். டுரியானைக் கடையிலேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள், விடுதிக்குள் விட மாட்டார்கள்.

ஒரே ஒரு வெளியூர்ப் பயணம்தான் நேரம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மலாக்கா. பத்துமலை போன அதே ரயில் தடத்தில் எதிர்ப்பக்கமாக பண்டார் தாசேக் செலாத்தான் ஸ்டேஷனில் இறங்கினால் டி.பி.எஸ். பேருந்து நிலையம், அங்கிருந்து இரண்டு மணி நேரம். மலாக்கா சென்ட்ரலில் இறங்கி டவுன் பஸ்ஸோ கிராபோ பிடித்து டச்சுச் சதுக்கம் போங்கள். போர்ச்சுகீசியர் இந்த ஊரை 1511-ல் பிடித்தார்கள், அவர்கள் கட்டிய கோட்டையில் ஒரு வாசல் மட்டும் மிச்சம் நிற்கிறது, பிறகு வந்த டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்கள் சதுக்கத்தைச் சுற்றி. எல்லோரும் இவற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆற்றைத் தாண்டித் தட்டார் தெரு வரை நடந்து போங்கள், 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது, அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்துச் சீனக் கோயில். இந்த விநாயகர் மலாக்கா செட்டிகளின் கோயில். இவர்கள் சுல்தான் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூரில் பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும், பொங்கல் வைக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மொழி போனாலும் சாமி போகாமல் இருந்ததை நேரில் பார்க்காமல் ஒரு தமிழர் மலாக்காவிலிருந்து திரும்பக் கூடாது என்று நினைக்கிறேன். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை உண்டு, அதைப் பார்க்க வேண்டுமானால் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு டிக்கெட் எடுத்து வையுங்கள்.

கெந்திங் மலை எல்லா பேக்கேஜிலும் இருக்கும். சுமார் 1,800 மீட்டர், ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர் கிடைக்கும் ஊர்க்காரர்கள் குளிருக்காக அங்கே போக வேண்டியதில்லை, மேலே சூதாட்ட விடுதியும் மாலும் தீம் பார்க்கும்தான். கேபிள் கார் மட்டும் நன்றாக இருக்கும், காட்டின் தலைக்கு மேலே போகும். சென்ட்ரலிலிருந்து பஸ்ஸில் போய் அந்த கேபிள் காரில் ஏறுங்கள், நடுவே சின் சுவீ கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். மதியத்துக்கு மேல் மூடுபனி, காலையிலேயே போங்கள். கேமரன் மலையை ஒரே நாளில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் போய்விடும், அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும்.

அதிகம் செலவில்லாத நாள் ஒன்று வேண்டுமா, சென்ட்ரலிலிருந்து கிள்ளான் துறைமுக ரயில். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் படகுத்துறை பக்கம்தான், அங்கிருந்து படகில் புலாவ் கெத்தாம் தீவு. கம்பங்களின் மேல் கட்டிய சீன மீனவக் கிராமம், கார் கிடையாது, சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம், மீன், நண்டு அங்கேயே சாப்பிடலாம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் ஆட்கள் பலர் வந்து இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான், தோட்ட வேலைக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் சேலமும் உண்டு. திரும்பும்போது கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை, பிரிக்ஃபீல்ட்ஸைவிட நெரிசலான தமிழ்க் கடைத்தெரு, புடவையும் நகையும் பார்க்கிறவர்களுக்கு அங்கேயே பொழுது போய்விடும்.

குழந்தைகள் கூட இருந்தால் கோலா சிலாங்கூர் மின்மினிப் பூச்சிகள். ஆற்றங்கரை மரங்களில் கூட்டமாக மின்னும், துடுப்புப் படகில் சத்தமில்லாமல் கூட்டிப் போவார்கள். முழுநிலவு நாளிலும் மழையிலும் பயனில்லை, பிளாஷ் போடக் கூடாது, ரயில் கிடையாது, இதற்கு மட்டும் கார் பேசிக்கொள்ளுங்கள், இரவில் திரும்பும் வண்டியையும் சேர்த்தே பேசுங்கள். புத்ராஜெயாவில் இளஞ்சிவப்புப் பள்ளிவாசலும் ஏரியும் அழகுதான், அரை நாள் போதும்.

கடைசி நாளில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை சென்ட்ரலில் லாக்கரிலோ விடுதியிலோ வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போங்கள். கட்டிப்பால் டின், சம்பால் பாட்டில் இவற்றைக் கைப்பையில் விடமாட்டார்கள், வாங்குவதாக இருந்தால் பெட்டிக்கு முன்கூட்டியே எடை வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கட்டினால் அதிகம். மாலை நேரத்தில் கிராப் நெரிசலில் மாட்டிக்கொள்ளும், அந்த ஒரு நேரத்தில் மட்டும் 55 ரிங்கிட் ரயிலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடுங்கள், டிக்கெட்டில் முதல் முனையமா இரண்டாம் முனையமா என்று பார்த்து அந்த ஸ்டேஷனிலேயே இறங்குங்கள்.