நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாம் செய்யும் தவறுகள்

ஜூலியைக் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் உருண்டை. அழுத்தினால் வலித்ததாகத் தெரியவில்லை, அவள் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள். 9 வயது லாப்ரடார். மூன்று வாரம் கழித்து லிம்போமா என்றார்கள், அதாவது நெறிக்கட்டிகளில் வருகிற புற்றுநோய்.

அந்த மூன்று வாரத்திலேயே முதல் தவறு நடந்துவிட்டது. "வீக்கம்தானே, ஊசி போட்டா வத்திடும்" என்று பக்கத்து கிளினிக்கில் ஸ்டீராய்டு போட்டார்கள். நான்கே நாளில் கட்டி சுருங்கியது, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் லிம்போமா ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் பதுங்கும், அவ்வளவுதான். அதற்குள் பரிசோதனை முடிவும் குழம்பலாம், பின்னால் கொடுக்கிற கீமோவும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் முதலில் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு எல்லாம் அப்புறம். உள்ளூரில் வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

அடுத்தது, மனிதர்களுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு நாய்க்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது. என் அத்தை கீமோவில் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான், அதனால் "இவளுக்கு அந்தக் கொடுமை வேண்டாம்" என்று பத்து நாள் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் நாய்களுக்குக் கீமோ கொடுப்பதன் நோக்கமே வேறு. இருக்கிற நாளை நல்லபடியாக நீட்டுவதுதான் குறி, அதனால் மருந்தின் அளவும் குறைவு. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற இனங்களைத் தவிர மற்ற நாய்களுக்கு முடி அவ்வளவாகக் கொட்டுவதில்லை. லிம்போமாவுக்கு ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம், பல மருந்து சேர்ந்த கீமோ கொடுத்தால் பல நாய்கள் ஒரு வருடம்வரை ஓடியாடி இருக்கின்றன. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி இல்லை. தெருநாய்களிடம் இனச்சேர்க்கையில் பரவுகிற டி.வி.டி. (TVT) என்ற புற்றுக்கட்டி, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நான்கைந்து வாரம் போட்டாலே பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். பெண் நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் புற்றுநோய். கேன்சர் என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரண மாத்திரை, நாய்க்கு ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப்பில் வருகிற முள்சீத்தா இலைக் கஷாயமும் மஞ்சள் உருண்டையும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். கீமோ நடக்கும்போது பச்சை இறைச்சியும் கூடாது. ஊசி போட்ட 7 முதல் 10 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது உடம்பு சுட்டாலோ சோர்ந்து படுத்தாலோ அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டு அள்ளுங்கள், கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் போக வேண்டாம்.

"நாய்தானே, இதுக்குப் போய் இவ்வளவா" என்பவர்களிடம் விளக்கம் சொல்லி உங்கள் தெம்பைக் கரைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் மறைக்கவும் செய்யாதீர்கள். நாங்கள் மறைத்தோம், என் மகன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

கடைசித் தவறுதான் ரொம்பக் கஷ்டமானது: இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இழுப்பது. நாய் வலியை லேசில் காட்டாது. முனகவில்லை என்பதற்காக வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. காலண்டரில் தினமும் குறியுங்கள்: சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா, தானாக எழுந்தாளா, வாசல்வரை வந்தாளா. நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. எந்த நிலை வந்தால் போதும் என்று நிறுத்துவது என்பதை, மனம் தெளிவாக இருக்கும்போதே டாக்டரோடு பேசி வைத்துவிடுங்கள். முதலில் மயக்க ஊசி, அவள் நன்றாகத் தூங்கிய பிறகுதான் உயிரை நிறுத்துகிற ஊசி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதினோரு மாதம் இருந்தாள் ஜூலி. கடைசி வாரத்தில் பெருக்கல் குறிதான் அதிகம். ஒரு காலையில் மேரி பிஸ்கட்டை நீட்டினேன், மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று மாலை டாக்டரை வீட்டுக்கே வரச் சொன்னோம். மகன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.