சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாக்க வேண்டாம், பஞ்சும் அடைய வேண்டாம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு பையனுக்கு மூக்கால் இரத்தம் வந்தபோது அவன் அம்மம்மா பதறிப்போய்த் தலையை அண்ணாத்திப் பிடித்துவிட்டார், அவன் இரத்தத்தை விழுங்கி விழுங்கிக் கடைசியில் சத்தி எடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நேராக உட்காருங்கள், தலையைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். மேலே இருக்கும் எலும்பை இல்லை, அதற்குக் கீழே மெத்தென்று இருக்கும் சதையை இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் இரத்தம் கசிவது மூக்கின் நடுச்சுவரின் முன்பக்கத்தில் உள்ள மெல்லிய நாளங்களில்தான். மணிக்கூட்டைப் பார்த்து 10 நிமிடம். இடையில் "நின்றுவிட்டதா" என்று விட்டுப் பார்க்கவே கூடாது, எல்லோரும் பிழைவிடுவது இங்கேதான். வாயால் மூச்சு விடுங்கள், வாய்க்கு வரும் இரத்தத்தைத் துப்புங்கள். நிற்கவில்லையா, இன்னொரு 10 நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால், அல்லது தொண்டைப் பக்கம் நிறைய ஓடினால், இலங்கையில் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டுப் பஞ்சையும் டிஷூவையும் ஏன் அடையக்கூடாது? இழை இரத்தக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது ஆறிய இடம் திரும்பவும் பிய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் அடைப்பது வேறு சாமான். பழைய முறை, பிஸ்மத் அயடோபோம் என்ற கிருமிகொல்லிப் பசை தடவிய நீளமான ரிப்பன் கோஸை (மெல்லிய துணிப் பட்டையை) மடித்து மடித்து உள்ளே அடுக்குவது. மெரோசெல் என்பது காய்ந்து தட்டையாக இருக்கும் ஸ்பொஞ்ச், உள்ளே வைத்து சேலைன் விட்டதும் ஊறிப் பருத்து அழுத்தும். ராபிட் ரைனோ என்ற அடைப்பில் பலூன் இருக்கிறது, காற்றை ஏற்றி அழுத்தம் கொடுப்பார்கள். ஜெல்ஃபோம், சேர்ஜிசெல் போன்றவை தானாகக் கரைபவை, வெளியே இழுக்கத் தேவையில்லை என்பதால் வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு நல்லது. (அந்தக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டொக்டரிடம் கேளுங்கள்.)

கரையாத அடைப்பு வழக்கமாக 1 முதல் 3 நாள் இருக்கும். நீங்களே இழுக்காதீர்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், சுடச்சுடத் தேநீர் வேண்டாம். காய்ச்சலும் தோலில் சிவப்பும் வந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காய்ச்சலோடு மூக்கால் இரத்தம் வந்தால் டெங்குவை நினையுங்கள், பனடோல் தவிர அஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நின்ற பிறகு ஒரு கிழமைக்கு மூக்கைச் சீறவோ கிண்டவோ கூடாது, பாரம் தூக்கவும் வேண்டாம். ஏசி அறையில் படுப்பவர்களுக்கு மூக்கு காய்ந்து வெடிக்கும், இரவில் துளைக்குள் கொஞ்சம் வாசலின் பூசினால் போதும்.