வீட்ட விட்டு இறக்கி விட்டுட்டாங்களா? நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் மூணு நாளைக்கான வழி

மக்கா, இத நீ எங்க இருந்து வாசிக்குறன்னு எனக்குத் தெரியாது, வடசேரி பஸ் ஸ்டாண்டா இருக்கலாம், மார்த்தாண்டத்துல ஏதோ ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடியா இருக்கலாம், இல்ல இன்னும் வீட்டுக்குள்ளயே இருந்துட்டு எப்ப வெளிய தள்ளுவாங்களோன்னு பயந்துட்டு இருக்கலாம். திருநர் (திருநங்கை, திருநம்பி), தன்பாலீர்ப்புள்ளவங்க, அதாவது ஆண் ஆணையோ பொண்ணு பொண்ணையோ நேசிக்குறவங்கன்னு தெரிஞ்சு வீட்டுல ஒதுக்குற பிள்ளைகள் எல்லாருக்கும், இந்த மூணு நிலைமைல இருக்குறவங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன். நான் திருநம்பி, பொண்ணுன்னு வளர்த்தாங்க, ஆனா நான் ஆண். 20 வயசுல குலசேகரம் பக்கத்துல எங்க வீட்டுல இருந்து ஒரு மழை ராத்திரி வெளிய வந்தவன், கால்ல செருப்பு கூட இல்ல. இப்ப தக்கலைல சின்ன வாடகை வீடு, ரெண்டு தையல் மெஷின், பொழப்பு ஓடுது. அங்க வந்து ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி படுத்துட்டுப் போன பிள்ளைகள்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான் இதுல பாதி.

ஒரு பையன் வந்தான், 19 வயசு, கடலோரத்து ஊர். இன்னொரு பையன்கூட பேசுனத ஃபோன்ல பாத்துட்டாங்க, அப்பா ஃபோன தரைல அடிச்சு உடைச்சுட்டாரு. எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப முதுகுல காலேஜ் பேக் இருந்துச்சு, திறந்து பாத்தா ரெண்டு ரெக்கார்ட் நோட்டு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, ஒரு சார்ஜர். ஃபோனே இல்லாம சார்ஜர் மட்டும். ஆதார் இல்ல, மார்க் ஷீட் இல்ல, கைல நாப்பது ரூபா. பதறி வெளிய வர்றவன் கைக்கு எட்டுனத எடுத்துட்டு வருவான், அவனக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த மார்க் ஷீட் இல்லாம அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனாலதான் முதல்ல பேக்க பத்தி சொல்றேன்.

வீட்டுல பேச்சு மாறுது, ஃபோன வாங்கி வைக்குறாங்க, திடீர்னு மாப்பிள்ளை பொண்ணு பாக்குறாங்க, "ஒரு இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணிட்டு வருவோம்"னு கூப்பிடுறாங்கன்னா அன்னைக்கே தயாராகிடு. ஆதார், 10-ஆம் 12-ஆம் மார்க் ஷீட், டிசி, சாதி சான்றிதழ், பேங்க் பாஸ்புக், இதோட ஒரிஜினல எடுக்க முடிஞ்சா நம்பிக்கையான ஒருத்தர் வீட்டுல கொண்டு போய் வை, முடியலன்னா ஃபோட்டோ எடுத்து உனக்கே மெயில் அனுப்பிடு, டிஜிலாக்கர்லயும் ஏத்திடு. இதுல எல்லாரும் கோட்டை விடுற ஒரு விஷயம் இருக்கு, ஆதார்ல உள்ள மொபைல் நம்பர் அப்பா நம்பரா இருக்கும், வெளிய வந்தபிறகு ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும், எதையும் எடுக்க முடியாது. அதனால 18 ஆயிட்டுன்னா உன் பேர்ல ஒரு சிம் வாங்கி, ஆதார் சென்டர்ல நேர்ல போய் நம்பர மாத்திடு. கைரேகை வச்சா போதும், வீட்டுல யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுறவங்கன்னா சீட்டும் ஒரு வாரத்துக்கு மாத்திரையும் அந்தப் பேக்ல இருக்கணும்.

அடுத்தது வயசு. 18 ஆகலன்னா உனக்கு வழி வேற. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் பண்ணு, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. அவங்க மூலமா குழந்தைகள் நலக் குழு முன்னாடி 24 மணி நேரத்துக்குள்ள உன்னக் கொண்டு போகணும்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். வீட்டோட சேத்து வைக்கத்தான் முதல்ல பாப்பாங்க, அதனால அங்க வெக்கப்பட்டு மழுப்பாத, அடிச்சது, சூடு வச்சது, ரூமுக்குள்ள பூட்டுனது, சோறு குடுக்காதது, எல்லாத்தையும் நடந்த மாதிரியே சொல்லு, எழுதிக்கச் சொல்லு. உடம்புல தழும்பு இருந்தா காட்டு. உன்ன யாராவது பாலியல் ரீதியா தொட்டிருந்தா நீ பையனா பொண்ணான்னு போக்சோ சட்டம் பாக்காது, எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தும், இத நம்ம ஊர்ல பல பேரு இன்னும் நம்ப மாட்டேங்குறாங்க.

18 தாண்டிட்டியா, அப்ப முதல் வேலை ஒரு லெட்டர். "நான் மேஜர், என் சொந்த விருப்பத்துல வீட்ட விட்டு வந்திருக்கேன், என்ன யாரும் கடத்தல, வீட்டுல இருந்து எனக்கு மிரட்டல் இருக்கு"ன்னு உன் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, உங்க ஊர் ஸ்டேஷனுக்கும் நாகர்கோவில் எஸ்பி ஆபீசுக்கும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு, போஸ்ட் ஆபீஸ் ரசீத ஃபோட்டோ எடுத்து வை. ஏன்னா வீட்டுல மறுநாளே காணோம்னு கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க, உனக்கு இடம் குடுத்த ஃப்ரெண்டு மேல கடத்தல் கேஸ்னு சொல்லி மிரட்டுவாங்க. 2021 ஜூன் 7-ல சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவு இருக்கு, இந்த மாதிரி காணோம்னு புகார் வந்து, விசாரிச்சுப் பாத்தா அவங்க மேஜர், விருப்பப்பட்டு வந்தவங்கன்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிட்டு புகார முடிக்கணும், தொல்லை குடுக்கக் கூடாது. 2022-ல போலீஸ் நடத்தை விதிகள்லயே நம்மள துன்புறுத்தக் கூடாதுன்னு தமிழ்நாடு அரசு சேத்துச்சு. ஸ்டேஷனுக்குப் போகும்போது தனியா போகாத, ஒரு வக்கீலோட போ. காசு இல்லன்னா நாகர்கோவில் கோர்ட்டுல இருக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் தரும், ஃபோன் பண்ணணும்னா 15100. நீ திருநர்னா, வீட்ட விட்டோ ஊர விட்டோ உன்ன வெளியேத்துறது 2019 திருநர் சட்டத்துல 18-ஆம் பிரிவுல குத்தம்னு இருக்கு, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் தண்டனை.

இனி, ராத்திரி எங்க படுக்குறது. இதுலதான் எனக்கு வயிறு எரியுது.

பொண்ணுங்களா இருந்தா 181-க்குக் கூப்பிடு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துல அஞ்சு நாள் வரைக்கும் தங்க வைக்கலாம், வீட்டுல அடி, கட்டாயக் கல்யாணம்னு சொன்னாலே போதும், உன் காதல பத்தி முதல் நாளே எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. திருநங்கை, திருநம்பின்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போ, திருநர் நல வாரிய அடையாள அட்டை அங்கதான். ஆனா தங்குறதுக்குன்னு கேட்டா மத்திய அரசோட கரிமா கிரே விடுதி சென்னைல இருக்கு, இங்க இருந்து ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். கைல நாப்பது ரூபாயோட நிக்குற பிள்ளைகிட்ட சென்னைக்குப் போன்னு எப்படிச் சொல்லுவேன்? தன்பாலீர்ப்புள்ள பையன், 18 தாண்டுனவன், அவனுக்கு உண்மையச் சொல்லிட்டுப் போய் படுக்க இந்த மாவட்டத்துல எனக்குத் தெரிஞ்சு ஒரு இடமும் இல்ல. அதனால அவன் ஸ்டேஷன் ப்ளாட்ஃபார்ம்லயும், ஆப்ல "ரூம் இருக்கு வா"ன்னு கூப்பிடுற முன்னப்பின்ன தெரியாதவன் வீட்டுலயும் போய்ப் படுக்குறான். தயவுசெஞ்சு அப்படிப் போகாத. வேற வழியே இல்லாம போனா லொகேஷன ஒருத்தருக்கு அனுப்பிட்டுப் போ, ஆதாரக் கைல குடுக்காத, பேக்க தலைமாட்டுல வச்சுக்கோ. ஏதாவது நடந்துட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போ, எச்ஐவி வராம தடுக்குற மாத்திரைய அதுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன், எவ்வளவு சீக்கிரம் போறியோ அவ்வளவு நல்லது.

அந்த முதல் ராத்திரியே சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறிடலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. கைல பேப்பர் இல்லாம ஏறாத. மூணு நாள் இங்கயே சுத்தி இருக்குறவங்கள்ல யாரு தாங்குவாங்கன்னு பாரு, கிளாஸ் டீச்சர், கல்யாணம் ஆகிப் போன அக்கா, அம்மாவுக்க தங்கச்சி, இவங்கள்ல ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. என்ன உள்ள கூப்பிட்டது எங்க சித்திதான், ஒண்ணும் கேக்கல, கிழங்கும் மீனும் வச்சுக் குடுத்துட்டு, "தலைய தொடச்சிட்டு தின்னு மக்கா"ன்னு மட்டும் சொன்னா. உங்க வீட்டுக்கு இப்படி ஒரு பிள்ள வந்தா நீங்களும் அதையே செய்யுங்க, உடனே அவங்க அப்பாவுக்கு ஃபோன் போடாதீங்க, பிள்ளகிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

உன்ன "சரியாக்குறேன்"னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, அப்படி மாத்துறேன்னு சொல்லி வைத்தியம் பாக்குறது டாக்டருக்கான ஒழுங்குமீறல்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-லயே சொல்லிடுச்சு, இத வீட்டுல எடுத்துக் காட்டு. மனசு ரொம்ப உடைஞ்சுட்டா 14416, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. செத்துரலாம்னு தோணுதுன்னா அந்த வார்த்தையவே அப்படியே சொல்லு, சுத்தி வளைக்காத.

படிப்ப மட்டும் விட்டுராத. திருநர் பிள்ளைகளோட காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் அரசே கட்டும்னு 2024 பட்ஜெட்ல அறிவிச்சிருக்காங்க, சமூக நல அலுவலகத்துல கேளு. சாதாரண டவுன் பஸ்ல திருநருக்கு டிக்கெட் கிடையாது, வேலை தேடி அலையுறப்ப அது எவ்வளவு பெரிய உதவின்னு அலைஞ்சவனுக்குத்தான் தெரியும்.

கடைசியா எல்லாரும் சேந்து செய்ய வேண்டிய ஒண்ணு. திங்கக்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். இந்தியாலயே முதல்ல, 2008-ல திருநர் நல வாரியம் வச்சது நம்ம மாநிலம்தான், குறுகிய காலத் தங்குமிடங்கள்ல நம்ம எல்லாருக்கும், திருநருக்கு மட்டும் இல்ல, கூரையும் சாப்பாடும் மருத்துவமும் குடுக்க ஏற்பாடு பண்ணணும்னு அந்த 2021 உத்தரவும் சொல்லுது. அத வச்சு மனு எழுதுங்க. நாகர்கோவில்ல ஒரு வீடு, நாலு கட்டில், ராத்திரி பூட்டாத கேட், முதல் ராத்திரி அடையாள அட்டை கேக்கக் கூடாது, திருநர் மட்டும் இல்லாம தன்பாலீர்ப்புள்ள பையனும் பொண்ணும் வரலாம். இவ்வளவுதான் கேக்குறோம்னு ஒரே பக்கத்துல எழுதுங்க, நீட்டாதீங்க. குடுத்த உடனே மனு எண் போட்ட சீட்டு தருவாங்க, அத வாங்காம வராதீங்க, நம்பர் இருந்தாத்தான் அடுத்த திங்கக்கிழமை போய் "அந்த மனு என்ன ஆச்சு"ன்னு கேக்க முடியும்.