தீனி மாற்றியதும் பூனைக்கு வயிறு கெட்டுவிட்டதா? படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

புதுத் தீனியைப் பூனை ஆசையாகத்தான் சாப்பிட்டிருக்கும். மறுநாள் பார்த்தால் மணல் தட்டில் தண்ணீராகப் போயிருக்கும். பெரும்பாலும் தீனியைவிட, அதை மாற்றிய வேகம்தான் காரணம். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் பழைய உணவுக்குப் பழகியவை. திடீரென்று வேறு புரதமும் கொழுப்பும் வந்து சேர்ந்தால் அவை தடுமாறிவிடும்.

படி 1: பூனையைக் கவனியுங்கள்

விளையாடுகிறதா, சாப்பிடுகிறதா? அப்படியென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு நிறம், திரும்பத் திரும்ப வாந்தி, சுருண்டு கிடக்கும் சோர்வு என இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டிகளும் வயதான பூனைகளும் சீக்கிரம் நீரிழப்புக்கு ஆளாகும். அவற்றுக்குக் காத்திருந்து பார்க்கவே வேண்டாம்.

படி 2: பழைய தீனிக்குத் திரும்புங்கள்

புதியதை நிறுத்திவிட்டு, பழையதையே கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நான்கைந்து வேளை கொடுங்கள். பழையது தீர்ந்துவிட்டதா? தோலும் எலும்பும் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி போதும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, துளிகூடச் சேரக் கூடாது. வெறும் கோழியில் எல்லாச் சத்தும் கிடைக்காது என்பதால் ஓரிரு நாளுக்கு மேல் இதையே தொடராதீர்கள்.

படி 3: பட்டினி போடாதீர்கள்

"ஒரு நாள் வயிற்றைக் காயப்போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து பூனையிடம் அதைச் செய்யாதீர்கள். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். சில நாட்களிலேயே கல்லீரல் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைகளுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். தானாகவே 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: தண்ணீர்

இரண்டு மூன்று இடங்களில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். ஈர உணவு பழக்கம் என்றால் அதில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். பால் மட்டும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, பேதிதான் கூடும். ஈறைத் தொட்டுப் பாருங்கள்: வழவழப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம்.

படி 5: நம் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம்

பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள்.

படி 6: மறுபடியும், இம்முறை மெதுவாக

மலம் கெட்டியாகி சில நாட்கள் போகட்டும். அப்புறம் பழைய தீனி முக்கால், புதியது கால் என்று இரண்டு மூன்று நாட்கள். பிறகு பாதிக்குப் பாதி. அதன்பின் கால், முக்கால். முழுதாக மாற 7 முதல் 10 நாட்கள் ஆகும். மென்மையான வயிறு என்றால் இன்னும் கூட ஆகட்டும். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி, அங்கேயே சில நாட்கள் நில்லுங்கள். இவ்வளவு மெதுவாகப் போயும் ஒவ்வொரு முறையும் வயிறு கெடுகிறதென்றால், அந்தத் தீனியில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பொட்டலத்தையும் மலத்தின் ஒரு சிறு மாதிரியையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். குடற்புழுவா என்பதையும் அவர் சோதித்துவிடுவார்.