ஒரே காதுக்கு இரண்டு ஆடியோகிராம்: கொங்கில் பேச்சு, செவித்திறன் வல்லுநர்கள் கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வரும் ஒருவருக்குக் காலை ஒன்பது மணிக்கு ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் சோதனைத் தாள்) எடுத்தால் ஒரு கோடு விழும். அவரே இரண்டு நாள் லீவு கழித்துக் கோவையில் வேறோர் இடத்தில் எடுத்தால் கோடு கொஞ்சம் மேலே இருக்கும், அதாவது காது இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று வரும். இரண்டு பேர் செய்ததும் சரியான சோதனைதான். சத்தத்தை விட்டு வந்து குறைந்தது 14 மணி நேரமாவது காது ஓய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிக மந்தத்தையே நிரந்தரக் குறைபாடு என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்தத் தறிக்காரர் இரண்டு தாளையும் மேஜையில் வைத்து, "எதுங்க சரி?" என்று கேட்கிறார். "அங்க மெஷின் சரியில்லைங்க" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அது சோமனூருக்குப் போய்ச் சேராமல் இருக்காது. அதன் பிறகு சோதனை செய்த அந்த இரண்டு ஆடியாலஜிஸ்ட்டுகளும் (செவித்திறன் வல்லுநர்கள்) ஒருவருக்கொருவர் போன் எடுக்க மாட்டார்கள்.

ஒருவர் எழுதிய ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால், நோயாளியிடம் குறை சொல்வதற்கு முன் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். உள்ளூரில் ஒன்றுகூடுவதே அதற்காகத்தான். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிற எதுவும் தவறு என்ற கணக்கில்தான் கீழே உள்ளவற்றைச் சொல்கிறோம்.

முதல் கூட்டத்திலேயே தலைவர், செயலாளர்

பத்துப் பேர் சேர்ந்ததும் பெயர், லோகோ, நிர்வாகிகள் பட்டியல் என்று இறங்கிவிடுகிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவுக்கு ஏழு பேர் போதும். ஆனால் பதிந்த பிறகு ஆண்டுப் பொதுக்குழு, கணக்கு, பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் என்று வேலை நிற்காது. பழக்கம் ஊன்றுவதற்குள் இந்தச் சுமை வந்துவிட்டால் கூட்டம் முழுக்க நிர்வாகப் பேச்சாகிவிடும். பதவி கிடைக்காதவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

முதல் ஒரு வருஷத்துக்குப் பெயரே வேண்டாம். ஆறிலிருந்து எட்டுப் பேர், மாதம் ஒரு முறை, 90 நிமிடம், ஒரே ஒரு கேஸ் என்று இருந்தால் போதும். கேஸ் சொல்பவருக்கு 15 நிமிடம், கேள்விக்கு 40 நிமிடம், மிச்சம் அந்த மாதம் ஒருவருக்கொருவர் அனுப்பிய நோயாளிகளைப் பற்றி. சொல்பவர் தனக்குப் புரியாத கேஸைக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெற்றிக் கதையைச் சொன்னால் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். "ஆறு மாசமா மாற்றமே இல்லை, எங்கே விட்டேன்?" என்று மூத்தவர் ஒருவர் முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

எல்லாமே கோவையில்

கோவைக்கும் சேலத்துக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர். நாமக்கல்லிலும் தாராபுரத்திலும் தனியாக கிளினிக் நடத்துபவருக்குத்தான் பேச ஆள் அதிகம் தேவை; கோவையில் கூட்டம் என்றால் முதலில் விடுபடுவதும் அவர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பெருந்துறை போல நடுவாந்திரமான ஊரில் வையுங்கள். மற்ற மாதங்களில் அந்தந்த ஊர்க்காரர்கள் சிறு குழுவாகக் கூடலாம்.

ஞாயிறு காலை என்றால் திருப்பூர்க்காரர்கள் வரவே முடியாது. பனியன் கம்பெனி ஆட்களுக்கு அன்றுதான் லீவு, கிளினிக்கில் அன்றுதான் கூட்டம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். முகூர்த்த நாளையும், பங்குனி சித்திரையில் மாரியம்மன் நோம்பிச் சாட்டு (திருவிழா அறிவிப்பு) விழும் வாரங்களையும் காலண்டரில் முன்கூட்டியே அடித்துவிடுங்கள்.

கம்பெனி செலவில் ஹோட்டல் ஹால்

இந்தத் தவறு கூட்டத்தின் அடிமடியிலேயே கை வைக்கும். ஹியரிங் எய்டு கம்பெனி சாப்பாடு போட்டால், முதல் ஒரு மணி நேரம் புது மாடல் விளக்கம். அதே கம்பெனியின் கிளையில் வேலை பார்ப்பவர் ஒரு பக்கமும், வேறு கம்பெனிக்கு டீலராக இருப்பவர் மறுபக்கமும் உட்கார்ந்தால், "இந்தக் கருவி இந்தக் காதுக்குப் பொருந்தவில்லை" என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. டீயும் முறுக்கும் தலைக்கு ஐம்பது ரூபாயில் முடிந்துவிடும். சொந்தக் காசு போடுங்கள். புது மாடலைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனி நாள் வைத்து, இரண்டு மூன்று கம்பெனிகளைச் சேர்த்தே கூப்பிடுங்கள்.

கட்டணத்தைப் பேசி முடிவு செய்வதும் கூடாது. எல்லோரும் தெரபிக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சேர்ந்து தீர்மானிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது.

சிலரை மட்டும் கூப்பிடுவது

பட்டப்படிப்பு முடித்து கிளினிக் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடினால் பாதி விஷயம் வெளியே நின்றுவிடும். சிறு குழந்தைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு உதவும் அரசு மருத்துவமனையின் ஆரம்ப இடையீட்டு மையத்தில் இருப்பவர், டிப்ளமோ படித்து சிறப்புப் பள்ளியில் வேலை செய்பவர், காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் எல்லோரும் வர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் (ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்த குழந்தை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஆபரேஷனும், கருவியை அந்தக் குழந்தையின் காதுக்கேற்ப அமைக்கும் மேப்பிங்கும் கோவையில், தெரபி உடுமலையில், பள்ளி கிராமத்தில். அதன் பேச்சு எங்கே தடைப்படுகிறது என்று அந்த மூன்று இடமும் பேசிக்கொண்டால்தான் தெரியும்.

அந்தக் குழந்தையை அனுப்பும் சீட்டில் "ஸ்பீச் தெரபி தேவை" என்ற மூன்று சொற்கள் மட்டும் இருந்தால் வாங்குபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி மேப்பிங் தேதி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கருவி போடுகிறது, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று கேட்புத் திறனைச் சட்டென்று பார்க்க உதவும் ஆறு லிங் ஒலிகளில் எது எவ்வளவு தூரத்தில் கேட்கிறது, வீட்டில் என்ன மொழி, யார் கூட்டிவருவார்கள் என்று எழுதுங்கள். அரைப்பக்கம் போதும். "இரண்டு மீட்டரில் ஸ் மட்டும் விடுகிறது" என்ற ஒரு வரி, மேப்பிங் செய்பவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டிவிடும். முதல் இரண்டு கூட்டத்தில் இந்தச் சீட்டை எல்லோரும் சேர்ந்து வடிவமைத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

வீட்டு மொழி விஷயத்தில் ஆளுக்கொரு அறிவுரை சொல்வது இந்தப் பக்கம் பெரிய குழப்பம். சத்தியமங்கலத்தில் கன்னடம் பேசும் வீடு உண்டு, கோவையில் தெலுங்கு வீடு, திருப்பூரில் இந்தியும் ஒடியாவும். ஒருவர் "வீட்ல தமிழ் மட்டும் பேசுங்க" என்கிறார், இன்னொருவர் "உங்க மொழியே பேசுங்க" என்கிறார். சரளமாக வரும் மொழியில் பெற்றோர் நிறையப் பேசுவதே குழந்தைக்கு நல்லது. இதில் எல்லோரும் ஒரே வாக்காக இருக்க வேண்டும். தமிழ் வீடுகளிலும் தெரபி அட்டையில் தாத்தா, தட்டு, துடைப்பம். வீட்டில் அப்புச்சி, வட்டல், சீமாறு. இரண்டு வழக்கையும் சேர்த்த படச்சொல் பட்டியலை ஒவ்வொருவரும் 20 சொல் கொண்டுவந்து தொகுக்கலாம். கூட்டத்தைப் பிடித்து வைக்க இப்படி ஒரு பொது வேலை மிக உதவும்.

வாட்ஸ்அப் குழுவையே கூட்டம் என்று நினைப்பது

பெயரும் போன் நம்பரும் தெரியும் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தையின் வீடியோவும் கூடாது. இன்னொருவரின் ரிப்போர்ட்டைப் போட்டு "இது சரியா?" என்று கேட்பது அதைவிட மோசம், எழுதியவரும் அதே குழுவில் இருப்பார். குழுவில் தேதி, இடம், இரவல் கருவி இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் போதும். கேஸ் பேச நேரில் வாருங்கள்.

வல்லுநராகத் தொழில் செய்வதற்கான பதிவைப் புதுப்பிக்கத் தேவையான சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளி மாதக் கூட்டத்தில் கிடைக்கும் என்று ஆசை காட்டவும் வேண்டாம். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) முன் அனுமதி கொடுத்த நிகழ்ச்சிக்குத்தான் புள்ளி. வருஷத்தில் ஒன்றை அப்படித் திட்டமிட்டால், விண்ணப்பத்தைப் பல மாதம் முன்பே தொடங்குங்கள்.

இனி அந்த இரண்டு ஆடியோகிராம். காதுச் சோதனைக் கருவியான ஆடியோமீட்டரை வருஷத்துக்கு ஒரு முறை காலிபரேஷன் (அளவு சரிபார்த்துத் திருத்துவது) செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து ஆள் வரும் செலவுக்குப் பயந்து தனி கிளினிக்குகள் தள்ளிப்போடுவது உண்டு. ஒரே வாரத்தில் ஐந்தாறு கிளினிக் சேர்ந்து கூப்பிட்டால் பயணச் செலவு பங்காகிவிடும். அதோடு தினமும் காலையில் தன் காதிலேயே ஹெட்போனை மாட்டி 1000, 4000 ஹெர்ட்ஸ் கேட்டுப் பாருங்கள், வயரை அசைத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி சேருங்கள்: கடைசி காலிபரேஷன் தேதி, நோயாளி சத்தத்தை விட்டு வந்து எத்தனை மணி நேரம் ஆனது. தறிக்காரர் இரண்டு தாளோடு வந்து நிற்கும்போது பதில் அந்த இரண்டாவது வரியிலேயே இருக்கும்.