நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பா? ஃபீஸுக்கு முன் இதைக் கேளுங்கள்

அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் உயர்நிலை நர்ஸ்) படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், கல்லூரிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "கிளினிக்கல் பயிற்சிக்கான ப்ரீசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேட வேண்டுமா?" ப்ரீசெப்டர் என்பவர், நோயாளிகளைப் பார்க்கும்போது உங்களைக் கூட வைத்துப் பயிற்சி தரும் அனுபவசாலி. பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். "உதவுவோம்" என்று வந்தால், இடம் கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று திரும்பக் கேளுங்கள்.

2022-இல் வந்த தேசியத் தர விதிகள் குறைந்தது 750 மணி நேரம் நேரடி நோயாளி கவனிப்பைக் கேட்கின்றன. அத்தனை மணி நேரமும் தங்கள் வேலையின்போது உங்களைக் கூட வைத்துக்கொள்ள ப்ரீசெப்டர்கள் சம்மதிக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும், அல்லது ப்ரீசெப்டர் பிடித்துத் தரும் நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் கட்ட நேரும். கட்டணம் குறைவு என்று சேர்ந்த ஆன்லைன் படிப்பு கடைசியில் அதிகச் செலவு வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், இது மனதுக்குக் கஷ்டமான விஷயம். அப்புறம், ஆன்லைன் என்றால் உங்கள் மாநிலத்தில் கிளினிக்கல் செய்ய அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

குடும்ப மருத்துவம், குழந்தைகள், பெண்கள் நலம் ஆகிய பிரிவுகளில் பயிற்சி தர ஏற்கெனவே ஆட்கள் சம்மதித்திருந்தால் இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. நர்ஸிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் சி.சி.என்.இ. போன்ற அமைப்பின் அங்கீகாரம் இல்லாத படிப்பென்றால் இதைக் கேட்கவே வேண்டாம், அந்தப் படிப்பையே விட்டுவிடுங்கள்.